என் 1969 ஜிடிஓ விளம்பரத்தில் நான் சொல்லாததைச் சேர்த்தது குறித்த புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர்,
ராயல் ஓக், மிச்சிகன்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பாண்டியாக் நிறுவனத்தின் 1969 ஜிடிஓ கார் விளம்பரத்தில் தவறான விவரம் – திருத்தமும் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் கோரி.

ஐயா / அம்மையீர்,

இடைத்தரகர் இல்லாமல் நானே என் காரை விற்க நினைத்து, உங்கள் இணையதளத்தில் பணம் கட்டி விளம்பரம் கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்ததை உங்கள் ஆட்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிப் போட்டுவிட்டார்கள். காரைப் பார்க்க வந்தவர் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

என் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 400 கன அங்குல எஞ்சின் 1969-க்கு உரியதுதான், ஆனால் வேறொரு ஜிடிஓவிலிருந்து எடுத்துப் பொருத்தியது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். விளம்பரத்தில் வந்ததோ, ‘ஒரிஜினல் எஞ்சின், நம்பர்ஸ் மேட்சிங்’. அதாவது எஞ்சினில் குத்திய எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போகும் என்று. மைல் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அதனால்தான் ‘மொத்த ஓட்டம் தெரியாது’ என்று குறித்தேன். அதையும் ‘குறைந்த ஓட்டம்’ ஆக்கிவிட்டீர்கள்.

பக்கத்து ஒஹாயோ மாநிலத்து டொலீடோவிலிருந்து ஒருவர் டிரெய்லரோடு வந்தார். விவரம் தெரிந்த மனிதர். முதலில் முன்கண்ணாடி வழியாக சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். 242 என்று தொடங்கியதும் தலையசைத்தார். பாண்டியாக்கின் சாதாரண மாடலான லெமான்ஸை ஜிடிஓவாக மாற்றிய கார் என்றால் 237 என்று இருந்திருக்கும். வெர்டோரோ பச்சை நிறமும், காரின் நிறத்திலேயே வரும் எண்டுரா என்ற நெகிழ்வான முன்பம்பரும் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அப்புறம் டார்ச்சோடு குனிந்து, எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், பயணி உட்காரும் பக்கமாக இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தார். 1968 முதல் சேஸிஸ் நம்பரின் பின்பகுதியை பாண்டியாக் குத்திய இடம் அது. ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார், காரின் நம்பரோடு அது ஒத்துப்போகவில்லை என்று கண்டு நிமிர்ந்தார், கையிலிருந்த விளம்பரத் தாளை மடித்துப் பையில் வைத்தார். நான் என் படிவத்தின் நகலைக் காட்டினேன். “விளம்பரம் உங்கள் காருக்குத்தானே?” என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

டீலருக்கென்றால் கடையும் போர்டும் உண்டு. தனி ஆளாக விற்கிறவனுக்கு அவன் சொல்தான் எல்லாம். நான் எதையும் மறைக்கவில்லை. பழைய பாண்டியாக் கார்களின் ஆலைப் பதிவுகளைத் தரும் பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் வாங்கிய ஆவண நகலைக்கூட உங்களுக்குக் கொடுத்திருந்தேன். கார் ஆலையிலிருந்து எப்படி வெளிவந்தது என்பது அதில் இருக்கிறது. எஞ்சின் அந்தக் காருடையதா இல்லையா என்பதில் விலையே மாறிப்போகும். ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி விற்றாலும், தவறாகச் சொன்ன விவரத்துக்கு அது கவசம் ஆகாது. யாராவது பார்க்காமலே வாங்கியிருந்தால் நீதிமன்றத்தில் நிற்பது நான்தான். விவரங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு என்றுதானே உங்கள் ஒப்பந்தம் சொல்கிறது!

தொலைபேசியில் கேட்டபோது, அப்படி எழுதினால்தான் ஆள் வரும் என்றார் உங்கள் ஊழியர். இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது.

எனவே விளம்பரத்தை உடனே என் வாசகத்துக்கே மாற்றுங்கள். கட்டிய கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அந்த வாசகங்களைச் சேர்த்தது உங்கள் நிறுவனம்தான் என்று எழுத்தில் கொடுங்கள். டொலீடோக்காரருக்கு அதை நானே அனுப்பிக்கொள்கிறேன். ஆகஸ்டில் இங்கே பழைய கார்கள் அணிவகுக்கும் வுட்வார்ட் ட்ரீம் குரூஸ் விழா வருகிறது. அதற்கு முன் காரை விற்க நினைக்கிறேன் என்பதால் இம்மாத இறுதிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுப்பேன்.

படிவ நகல், விளம்பரத்தின் அச்சுப் பிரதி, எஞ்சின் எண்ணின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்