வானியல் ஒளி-ஒலி உரை: கறுப்பு கறுப்பாகத் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைப்படச் சங்கங்கள் வானியல் படங்களை இசையோடு திரையிட்டு உரை நிகழ்த்துவது நல்ல முயற்சி. ஆனால் பல நிகழ்ச்சிகளில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் வரிசையாக வருகின்றன, பின்னால் சிந்தசைசர் முழங்குகிறது, பேச்சாளர் ஒளியாண்டுக் கணக்கை ஒப்பிக்கிறார். மூன்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

கேமராக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது நிஜ நிறமா?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாமல் அடுத்த படத்துக்குப் போகக் கூடாது. 1995இல் ஹப்பிள் எடுத்த, கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு-தூசி மேகத்தின் தூண்களில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் ஒளிக்கு நீலமும் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த ஹைட்ரஜன் ஒளி நல்ல சிவப்பு. இந்த ஒளிகளைத் தனித்தனியே பிடித்த மூன்று ஃபில்டர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தனித்தனியே காட்டி, பிறகு ஒன்றாக்கிக் காட்டினால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

இன்னும் நல்ல சரக்கு கொடைக்கானலில் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டலாக்கப்பட்டுள்ளன. சூரியப் புள்ளிகளில் (சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளிகளில்) வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். இந்தப் புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்து நாளுக்கு ஒரு படம் என்று பொறுக்கினால் சுமார் 400 படங்கள் வரும். நொடிக்கு 10 வீதம் ஓட்டினால் 40 நொடி. இந்த இடைவெளியில் சூரியன் சுழல்வது தெரியாது, புள்ளிகள் தோன்றித் தோன்றி மறையும். சூரியன் தன்னைத்தானே சுழல்வதைக் காட்ட வேண்டுமானால் ஒரு மாதத்துக்குத் தினம் ஒரு படம் வேண்டும்.

அப்படியே கோத்தால் படம் துள்ளும். சூரிய வட்டம் ஜூலையைவிட ஜனவரியில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் பெரிதாகத் தெரியும். அதன் அச்சும் ஆண்டுக்குள் இருபுறமும் 26 பாகை வரை சாய்ந்து தெரியும். எல்லா வட்டங்களையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவந்து, வடக்கை மேலே திருப்பிய பிறகே கோக்க வேண்டும். மேகத்தால் படம் இல்லாத நாட்களை முந்தைய படத்தால் நிரப்பாதீர்கள். கறுப்புப் படமாகவே விடுங்கள்.

இதற்கு இசையைப் படத்திலிருந்தே எடுக்கலாம். தம்பூரா சுருதி, ஒரு மிருதங்கம் போதும். தாளம் மாறாமல், புள்ளிகள் குறைவான ஆண்டுகளில் முதல் காலம் (மெதுவான நடை), கூடும்போது அதன் இரட்டை வேகமான இரண்டாம் காலம், உச்சத்தில் அதற்கும் இரட்டிப்பான மூன்றாம் காலம். கேட்பவர் புள்ளிவிவரத்தைக் காதால் பிடித்துவிடுவார். அந்த 40 நொடியில் பேச்சாளர் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். (1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலுக்கு அப்போது தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதுதான் தொழில். வித்வான்களுக்கு வானியலில் என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம்.)

இவ்வளவு உழைப்பும் அரங்கில் வீணாவது பெரும்பாலும் புரொஜெக்டரால். கறுப்பு முதல் வெள்ளை வரையான ஒளி அளவை லேப்டாப் 16 முதல் 235 வரையான எண்களில் அனுப்ப, புரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் வானம் சாம்பல் பூசியதுபோல் வெளுக்கும். இதற்கு நேர்மாறாக இருந்தால் மங்கலான நெபுலா விளிம்புகள் இருட்டில் மூழ்கும். 0, 5, 10, 15, 20 என்ற ஒளி அளவுகளில் ஐந்து பட்டைகள் வரைந்த ஒரு படத்தை முதலில் போட்டுப் பாருங்கள். 0 முழுக் கறுப்பாக இருக்க வேண்டும், 15 அளவுள்ள பட்டை அதிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்.

6000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே கொடுத்தால் மென்பொருள் அவசரமாகச் சுருக்கும்போது சின்ன நட்சத்திரங்கள் காணாமல் போகும். நீங்களே 1920 பிக்சலுக்குச் சுருக்கி, இலேசாகக் கூர்மையாக்கி, எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள். வீடியோவாக்கினால் நொடிக்கு 20 மெகாபிட்டுக்குக் குறையாமல் வையுங்கள். குறைந்தால் இருண்ட வானம் பட்டை பட்டையாக உடையும்.

ஸ்பீக்கரில் "உம்ம்" என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், மிருதங்க அடி படத்துக்குப் பின்னால் வந்து சேரும். அவசர வழி விளக்கை மட்டும் துணி போட்டு மூடாதீர்கள். திரையை அதன் வெளிச்சம் படாத பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர் ஒருவர்,
கோவை