வட சென்னையில் ஓர் ஓவியக் காட்சிக்கூடமும், மாதம் ஒரு ஞாயிறு ஆர்ட் வாக் (கலை நடை) நடத்த அனுமதியும் கேட்டு மனு

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

நகல்: இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை; உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்.

பொருள்: தண்டையார்பேட்டை அல்லது ராயபுரம் மண்டலத்தில் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தைக் காட்சிக்கூடமாக ஒதுக்கித் தரவும், ராயபுரம் – காசிமேடு வழியில் மாதம் ஒருமுறை ஆர்ட் வாக் நடத்த அனுமதி தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். கடைப் பெயர்ப்பலகை, லாரிக்குப் பின்னால் நம்பர், காசிமேட்டுப் படகுகளுக்குப் பேர் என்று முப்பது வருஷம் எழுதினார், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அவருடைய எனாமல் டப்பாக்களுக்கு நடுவில் வளர்ந்த நான் பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், இந்தப் பக்கத்தில் இருக்கிற ஓவியர்கள், ஒளிப்படக்காரர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண், அப்போது பிளஸ் டூ, தன் ஆயாவை, அதாவது பாட்டியை, கரித்துண்டால் வரைந்தாள். ஆயா காசிமேட்டில் மீன் விற்கிறவர். முகம் பாதிதான் தெரியும், அரிவாள்மனையில் வஞ்சிரம் வெட்டுகிற இரண்டு கைகளும் மட்டும் படம் முழுக்க இருக்கும், அந்தக் கைகளில் இருக்கிற ஒவ்வொரு வெட்டுக்காயத்தையும் அவள் விடாமல் வரைந்திருந்தாள். தென் சென்னையில் ஒரு கேலரியில் நடந்த கூட்டுக் கண்காட்சிக்கு அந்தப் படம் தேர்வானது. எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. ஆனால் கேலரி காலை பதினொரு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரைக்கும்தான், ஞாயிறு விடுமுறை. ஆயா விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போய் மதியம் வரை விற்றுவிட்டு வந்து படுக்கிறவர். பஸ் டிக்கெட் பிரச்சினையில்லை, 2021-லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவருக்குப் பகல் கிடையாது, அதுதான் பிரச்சினை. கடைசி நாள் எப்படியோ வேலையை முடித்துக்கொண்டு எங்களோடு வந்தார். வாசல் வரைக்கும் வந்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். "ஏசி ரூம்மா, என் மேல மீன் வாசனை அடிக்கும். நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அந்தப் படத்தை அவர் இன்றைக்கு வரைக்கும் செல்போனில்தான் பார்த்திருக்கிறார்.

அந்தக் கேலரியில் யாரும் அவரைத் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படத்தில் இருக்கிறவர் படத்துக்கு முன்னால் வந்து நிற்க முடியவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வட சென்னையை வரைகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். காசிமேட்டு வலைகள், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் கலந்த எண்ணெயில் ஊறிப்போன படகுகள், எல்லாம் சட்டம் போட்டு மாட்டப்படுகின்றன. மாட்டப்படுகிற இடம் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு, இல்லையென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. லலித் கலா அகாடமி கிரீம்ஸ் சாலையில். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில். தட்சிணசித்ரா அருங்காட்சியகம் முட்டுக்காட்டில். நான் இங்கெல்லாம் போய்ப் போய்த்தான் கற்றுக்கொண்டேன், எந்த இடத்தின் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு படத்தைப் பார்க்க ஈஞ்சம்பாக்கம் போய் வருவாரா, சொல்லுங்கள்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற ஒன்று உண்டு. இந்த நகரத்தில் ஓவியம் வரைகிறவர்கள் பாதிப் பேர் காகிதம் வாங்க ஆண்டர்சன் தெருவுக்குத்தான் வருகிறார்கள், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் தேவராஜ முதலி தெருவுக்கு வருகிறார்கள். காகிதம் பாரிமுனையில், சட்டம் பாரிமுனையில், படத்தில் இருக்கிற ஆட்கள் அங்கிருந்து சில கிலோமீட்டரில். படம் மட்டும் குட்டி யானை வண்டியில் ஏறி ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறது.

சரி, நாங்களே செய்து பார்ப்போம் என்று போன வருஷம் முயற்சி செய்தோம். எங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கயிறு கட்டித் துணி கிளிப்பில் நாற்பது படங்களை மாட்டினோம். ஒரு மணி நேரம் அவ்வளவு அழகாக இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார்கள். ஒரு தாத்தா தன் டீக்கடை படத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து ஆளாளுக்குக் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் கடல் காற்று பிடித்துக்கொண்டது, ஆறு படம் கிழிந்தது, தெருவை மறித்திருக்கிறீர்கள், அனுமதி எங்கே என்று கேள்வி வந்தது. அடுத்த முறைக்கு முறையாக அனுமதி வாங்கலாம் என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம், ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்தைக் கையைக் காட்டினார்கள். ஒரு சமுதாயக் கூடத்தைக் கேட்டபோது என்ன விசேஷம், கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்டார்கள். படம் மாட்ட வேண்டும் என்றோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், அந்தக் கூடம் அதற்காகக் கட்டியதில்லை.

அதனால்தான் அதற்கென்றே ஓர் இடம் கேட்கிறோம். புதிதாகக் கட்ட வேண்டாம். தண்டையார்பேட்டை அல்லது ராயபுரம் மண்டலத்தில் பயன்பாட்டில் இல்லாத மாநகராட்சிக் கட்டடம், பழைய பள்ளிக் கட்டடம், பாதி நாள் பூட்டியே கிடக்கிற கூடம், எதுவானாலும் சரி, தரைத்தளத்தில் எழுநூறு எண்ணூறு சதுர அடி போதும். தரைத்தளம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் மாடி ஏற மாட்டார்கள், மாடியில் என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது, தெரியாத இடத்துக்குள் எங்கள் ஆட்கள் நுழையவும் மாட்டார்கள். கதவு கண்ணாடியாக இல்லாமல் அகலமாகத் திறந்து கிடக்கட்டும். சுவரில் ஆணி அடிக்காமல் மேலே ஒரு கம்பி ஓட்டி அதிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுகிற மாதிரி செய்தால் சுவரும் கெடாது, அடுத்த கண்காட்சிக்கு உயரத்தை மாற்றிக்கொள்ளலாம், பிள்ளைகள் படம் என்றால் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கே இறக்கலாம். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் காகிதத்தில் பூஞ்சை ஏறும், ஆகவே துருப்பிடிக்காத கம்பியும், ஈரம் கசியாத சுவரும், காற்று வெளியேற மின்விசிறியும் கட்டாயம் வேண்டும். ஏசி வேண்டாம். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும், ஞாயிறு கண்டிப்பாகத் திறந்திருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கூடாது. உழைப்பாளர் சிலையை மெரினாவில் 1959-லிருந்து யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் நின்று பார்க்கிறார்களே, அப்படி.

பராமரிக்கிற பொறுப்பில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். சாவியை மாநகராட்சி வைத்துக்கொள்ளட்டும், கண்காட்சி நடக்கிற நாட்களில் திறப்பது, பெருக்குவது, காவலுக்கு இருப்பது எங்கள் வேலை. யார் படம் வைக்கலாம் என்பதை மட்டும் ஒருவர் கையில் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பகுதி ஓவியர்கள், கவின் கலைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், மண்டல அலுவலர் ஒருவர் சேர்ந்த சின்னக் குழு முடிவு செய்யட்டும்.

இரண்டாவது கோரிக்கை ஆர்ட் வாக். இதில் மாநகராட்சிக்குச் செலவே இல்லை, அனுமதிதான் வேண்டும். ராயபுரம் ரயில் நிலையத்தில் காலை ஆறரைக்குத் தொடங்குகிறோம். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கிய இடம் அது, ஆற்காடு பக்கம் இருக்கிற வாலாஜா ரோட்டுக்குப் போனது, அந்தத் தூண்களுக்குக் கீழே உட்கார்ந்து பத்து நிமிஷம் எல்லோரும் கோட்டோவியம் போடலாம். அங்கிருந்து படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் (புனித பேதுரு) கோயில், அப்புறம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வந்து பார்த்தால் தெரியும், விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழைய பலகையைப் பிடுங்கிப் புதுப்பலகை அடித்து, பெயின்ட் அடித்து, பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஏணியில் நின்றுகொண்டு, அச்சுத்தாள் எதுவும் இல்லாமல், சுண்ணாம்பு நூலால் இரண்டு கோடு மட்டும் போட்டுக்கொண்டு, வளைந்த பலகையில் எழுத்து வளையாமல் எழுதுகிற ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். என் அப்பாவும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவராக இருந்தார். அந்த எழுத்தை நான் கல்லூரியில் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. வரும் ஆட்கள் அதை நின்று பார்க்க வேண்டும், எழுதுகிறவருக்கு அன்றைய நடைக்கு ஒரு மரியாதைத் தொகை கொடுக்க வேண்டும், கடைசியில் நான் கேட்கிற கூடத்தில் நடை முடிய வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்துவிட்டது, கிண்டியிலிருந்தும் இப்போது சுலபமாக வந்துவிடலாம்.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து குடிசையையும் குழாயடிச் சண்டையையும் படம் பிடித்துப் போகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். இந்த நடை அப்படி ஆகக் கூடாது. வழிகாட்டியாக எங்கள் பகுதிப் பிள்ளைகளே வருவார்கள், ஒரு நடைக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பதைத் தொடங்கும்போதே சொல்லிவிடுவோம்.

சுவர் ஓவியம் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, நான் போய்ப் பார்த்தேன், சில படங்கள் உண்மையிலேயே நெஞ்சைத் தொடுகிறவை. அதே மாதிரி இங்கேயும் செய்யலாம் என்று யாராவது உங்களிடம் திட்டம் கொண்டுவந்தால், வரைகிற வேலையில் உள்ளூர் போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்கு முதலில் கூலியோடு இடம் கொடுங்கள். எங்களுக்கு வண்ணம் பற்றாக்குறை இல்லை. வியாசர்பாடியில் பந்து விளையாடுகிற பையன்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர்களைத் தாங்களே சுவரில் வரைந்துகொள்கிறார்கள், அம்பேத்கர் படம் இல்லாத தெருமுனை குறைவு. அந்தச் சுவர்களுக்கு மேல் வெள்ளையடிப்பதற்கு முன்னால் தெருக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நிதி எங்கிருந்து என்று கேட்பீர்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-ல் 1,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைக்கப்பட்டபோது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், பேருந்து நிலையம் எல்லாம் அதில் இருக்கின்றன, எல்லாமே தேவை, ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் பிள்ளைகள் படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் கிடைத்தது, நான் என் மாணவர்களை அனுப்பியிருக்கிறேன், போனவர்கள் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடம் படத்துக்கும் வேண்டும். கொச்சியில் 2012-ல் பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியபோது மட்டாஞ்சேரிப் பக்கம் பழைய கிடங்குகளைத்தான் கூட்டிப் பெருக்கிக் காட்சிக்கூடமாக்கினார்கள், கேரள அரசு கூட நின்றது. துறைமுகமும் பழைய கிடங்கும் எங்களிடமும் இருக்கின்றன. நாங்கள் கேட்பது அதில் ஒரு மூலை. விளக்கு, கம்பி, வெள்ளைச் சுவர், கழிப்பறை, இவ்வளவுதான் செலவு.

இந்த மனுவோடு மூன்றை இணைத்திருக்கிறேன்: பெற்றோர்களும் ஓவியர்களும் போட்ட கையெழுத்துத் தாள்கள், நடைக்கான வழி வரைபடம், கயிற்றில் மாட்டியபோது கிழிந்த ஆறு படங்களின் நகல். கூடத்துக்கு இடம் பார்க்க நேரம் எடுக்கும் என்பது தெரியும், காத்திருக்கிறோம். ஆர்ட் வாக்குக்கான அனுமதியை மட்டும் ஏப்ரல் 15-க்கு முன்னால் கொடுத்தீர்கள் என்றால், படகுகள் கரையில் இருக்கிற இந்தத் தடைக்காலத்திலேயே முதல் நடையைத் தொடங்கிவிடுவோம். எந்த அலுவலகத்துக்கு, யாரிடம் வர வேண்டும் என்று ஒரே ஓர் இடத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். ஞாயிறு தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ஞாயிறு ஓவிய வகுப்பின் ஆசிரியை,
மாணவர்கள், பெற்றோர், பகுதி ஓவியர்கள் சார்பாக.