எளிய பாதை என்றால் ஏற்றத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக்காட்டில் ஏரிகளை ஒட்டி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்றுப்பாதைகளைப் பற்றித் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் கைமாற்றிப் படித்தோம். வரும் ஜனவரியில் கொடைக்கானல் போவதாகப் பேசிக்கொண்டிருப்பதால் ஒரு வரி விடாமல் படித்தோம். வயதானவர்களும் போகக்கூடிய எளிய பாதை, எட்டு கிலோமீட்டர் என்று இருந்தது. எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் முதலில் வேண்டும். எங்களுக்கு மேடு என்றால் கண்மாய்க்கரை. அதை விட்டால் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதம். சந்தைக்கும் கடற்கரைக்கும் எட்டு கிலோமீட்டர் நடப்பது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் சமதரையில் பழகிய கால், ஏற்றத்தில் அதே வேகத்தில் போகாது. இதற்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-லேயே ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 300 மீட்டர் ஏற்றமுள்ள எட்டு கிலோமீட்டர் பாதைக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதுவும் எங்கும் நிற்காமல் நடக்கிற திடமான ஆளுக்கு. ஐம்பதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஏரியைப் பார்த்துவிட்டு வர நாலு மணி நேரம் ஒதுக்குவதுதான் நியாயம். மலையில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். எனவே காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வதை. செங்குத்தான பக்கத்தில் காலையிலேயே மெதுவாக ஏறிவிட்டு, சாய்வு குறைந்த பக்கமாக இறங்கினால் முழங்கால் தாங்கும். அதே பாதையை மாற்றிச் சுற்றினால் அவ்வளவு வலியும் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். பாதி தூரத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் எந்தக் குறுக்கு வழியில் தார்ச்சாலையைப் பிடிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். சுற்றுப்பாதையில் பாதியைத் தாண்டிவிட்டால் திரும்பி வருவதுதான் அதிக தூரம்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கொடைக்கானல் ஏரிக்கரையைத்தான். 1863-ல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் முயற்சியால் உருவான ஏரி அது. சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. முதல் நாள் அதைச் சுற்றிப் பார்த்தாலே யாருக்கு எவ்வளவு முடியும் என்று தெரிந்துவிடும். ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் கரையைவிட ஏறக்குறைய 13 டிகிரி குளிர் கூடுதல். எங்கள் வீடுகளில் ஸ்வெட்டரே கிடையாது, அதையும் நினைவூட்டினால் நல்லது. கொடைக்கானலை அடுத்த காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வேனில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. இராமநாதபுரத்திலிருந்து போகிறவர்கள் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, கொடைக்கானல் பேருந்துக்கு ஆரப்பாளையம் போக வேண்டும் என்பதைக்கூட ஒரு வரியில் போடலாம்.

அனுமதி விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடக்கப் போன இளைஞர்கள் பலர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? கோடையின் தீக்காலத்தில் காட்டுப்பாதைகளை மூடுவது அதனால்தான். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியும் கூட வருவார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

பழகிக்கொள்ள எங்களுக்கு ஊரிலேயே இடம் இருக்கிறது. கண்மாய்க்கரையில் வாரம் இரண்டு நாள், வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டே நடந்தால் மலையில் கால் கொப்பளிக்காது. இராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கு 2025-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சர் தகுதி கிடைத்தது. சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. வடகிழக்கு மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் வலசைப் பறவைகளும் வந்திருக்கும். பறவைகள் தங்கும் பக்கம் கூச்சல் போடாமல் ஒதுங்கி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் ஊராக வேன் பேசத் தொடங்குவதற்குள், அந்தக் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு பாதைக்கும் மொத்த ஏற்றம், ஆகும் நேரம், சுற்றும் திசை, அனுமதி வாங்கும் இடம் ஆகிய விவரங்களை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவிபட்டினம்.