எழுந்து நின்று கைதட்டும் முன்: பாட்டுப் போட்டியின் புதிய நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விஜய் டிவி சூப்பர் சிங்கரின் புதிய சீசனில் நடுவர் நாற்காலியில் உட்காரப்போகும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாடகர்கள் இருப்பீர்கள், இசையமைப்பாளர்கள் இருப்பீர்கள். இப்போது சினிமா இயக்குநர்களையும் அந்த நாற்காலியில் பார்க்கிறோம். யாராக இருந்தாலும் நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஹை பிட்ச்சுக்கு மட்டும் எழுந்து நிற்காதீர்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று இந்தப் பக்கத்தில் ஏறாத மேடை குறைவு. உங்கள் நிகழ்ச்சி ஒளிபரப்பானதற்கு அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சனி, ஞாயிறில் எந்தப் பாட்டுக்கு நடுவர்கள் எழுந்து நின்றார்களோ, அந்தப் பாட்டோடுதான் பிள்ளைகள் வருவார்கள். “சார், இதச் சொல்லிக் குடுங்க.” சரி, பாடு என்றால், பல்லவி தெரியாது. முதல் சரணம் தெரியாது. நடுவர்கள் எழுந்த அந்த ஒரு வரி மட்டும் தெரியும். அதைத் திரும்பத் திரும்பக் கத்திப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

இதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எதற்குக் கைதட்டல் கிடைக்கிறதோ அதைத்தானே அவர்கள் பழகுவார்கள். தமிழ்நாட்டில் சங்கீதப் பள்ளிகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் வார இறுதியில் இரண்டு மணி நேரம், ஊர் ஊராக, வீடு வீடாக வகுப்பெடுப்பது நீங்கள்தான்.

அந்த வகுப்பு ஒரு காலத்தில் நன்றாகவே நடந்தது. 2006-இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கியபோது ஸ்ரீநிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் மூன்று பேரும் நடுவர்களாக இருந்தார்கள். சுருதி எங்கே விலகியது, எந்தச் சங்கதி (ஒரு வரியை மெருகேற்றிப் பாடும் நுணுக்கம்) தப்பியது, எந்தச் சொல்லில் மூச்சு உடைந்தது என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, சங்கீதமே தெரியாத வீடுகளில்கூட அந்தப் பேச்சு வந்தது. எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஒரு நாள் என்னிடம், “அந்தப் பையன் ரெண்டாவது வரியில லேசா இறங்கிட்டான், கவனிச்சீங்களா?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. இறங்கித்தான் இருந்தான். ஜூனியர் நிகழ்ச்சியில் மனோவும் சித்ராவும் மால்குடி சுபாவும் உட்கார்ந்திருந்த காலத்தில், பிழையைச் சொல்லும்போதும் குழந்தையின் முகம் வாடாமல் சொல்ல முடியும் என்று பார்த்தோம். குரல் பயிற்சியாளராக அனந்த் வைத்தியநாதன் வந்தபோது, மூச்சு, தொண்டை, வாயைத் திறக்கும் விதம் என்று பாட்டுக்குப் பின்னால் ஓர் உழைப்பு இருப்பது வீட்டில் இருந்தவர்களுக்கும் புரிந்தது.

நீங்கள் கொண்டாடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018-இல் புதுக்கோட்டைக்காரர் செந்தில் கணேஷ் ஆறாவது சீசனில் பட்டம் வாங்கினார். அவரும் மனைவி ராஜலட்சுமியும் அந்த மேடைக்கு நாட்டுப்புறப் பாட்டை அதன் சொந்தக் குரலிலேயே கொண்டுவந்தார்கள். அதுவரை என் வகுப்பில், எங்கள் பிள்ளைக்குக் கிராமத்துப் பாட்டு சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு பெற்றோரும் கேட்டதில்லை. அந்த வருடம் கேட்டார்கள். தங்கள் ஆச்சி பாடின தாலாட்டைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்த பிள்ளைகள்கூட உண்டு. ஒரு மேடையின் மரியாதை இவ்வளவு வேலை செய்கிறது. அதே மரியாதையை நிதானமான குரலுக்கும், கீழ் ஸ்தாயிக்கும், ஒரு வரியை மெல்ல முடித்துவிட்டு நிறுத்தத் தெரிந்தவருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். உச்ச ஸ்தாயியைத் தொட்டுவிட்டால் நடுவர் எழுகிறார், மேலிருந்து தங்கக் காகிதம் கொட்டுகிறது, அம்மா அழுவதை கேமரா காட்டுகிறது. அந்த உச்சத்துக்குப் போகும் வழியில் ஐந்து இடத்தில் சுருதி விலகியிருந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதே மேடையில் இன்னொருவர் ஒரு மெல்லிசையை அலுங்காமல் பாடி முடித்தால், “நல்லா இருந்துச்சு, ஆனா வாவ் ஃபேக்டர் இல்லை” என்று ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை அடுத்த சுற்றில் என்ன பாட்டு எடுக்கும்? தன் குரலுக்குப் பொருந்தாத ஒன்றைத்தான் எடுக்கும். அங்கே தொண்டை கிழியும், எலிமினேஷனும் வரும்.

ஆடிஷனிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். ஆளுக்குக் கிடைப்பது சில வரிகள். அதனால் பயிற்சி கொடுப்பவர்களே, “பல்லவியெல்லாம் வேண்டாம், சரணத்துல மேல போற இடத்துலேர்ந்து பிடி” என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாட்டு எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தையே யாரும் பாடுவதில்லை. ஆர்மோனியம் இல்லாமல், தம்பூரா இல்லாமல், காதில் ஆதார சுருதியே விழாமல் உச்சியில் போய்த் தொடங்குகிற பிள்ளையிடம் என்ன தெரிந்துகொள்ள முடியும்? அதற்குப் பயமில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

டூயட் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீபோர்டு வாசித்தவன் என்பதால் இது என் கண் முன்னால் நடந்த விஷயம். தனிப்பாட்டு என்றால் பிரச்சினை இல்லை. ஆண் ஒரு கட்டை சுருதியில் பாடிய பாட்டைப் பெண் எடுத்தால், நாலு கட்டைக்கோ ஐந்து கட்டைக்கோ ஏற்றி வாசித்துவிடுவோம். டூயட்டில் அப்படி முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கேல். ஆணுக்குச் சௌகரியமாக வைத்தால் பெண் மந்தர ஸ்தாயியில், அடிக்குரலில் போய் முனக வேண்டும். பெண்ணுக்குச் சௌகரியமாக வைத்தால் ஆண் கத்த வேண்டும். இசையமைப்பாளர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இரண்டு பாடகர்களின் குரலையும் தெரிந்துகொண்டு மெட்டை அதற்கேற்ப வளைத்திருப்பார். அங்கே மைக்குக்குப் பக்கத்தில் நின்று மெல்லப் பாடினாலும் அது பதிவாகும். உங்கள் மேடையில் டிரம்ஸும் பேஸும் முழு வீச்சில் போய்க்கொண்டிருக்கும்போது அதே கீழ் வரி காணாமல் போய்விடும். அந்தப் பெண் சரியாகத்தான் பாடியிருப்பாள். ஆனால் நடுவர் சொல்வது, “உங்க வாய்ஸ் த்ரோ பத்தலை, கான்ஃபிடன்ஸ் இல்லை.”

இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். தவறு அவளுடையது இல்லை. ஸ்கேலை முடிவு செய்தவர், பக்கவாத்தியத்தைக் குறைக்கச் சொல்லாதவர், சவுண்ட் பார்த்தவர் என்று பலருடைய பொறுப்பு அது. நடுவருக்கு அது தெரியும். தெரிந்தால் சொல்லலாமே. “இந்த ஸ்கேல் உனக்குக் கீழே இருக்கும்மா, அதையும் மீறி சுருதி விடாமப் பாடினே” என்று ஒரு வார்த்தை. வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான பேருக்கும் அது ஒரு பாடம். 2006-இல் நிகில் மேத்யூவில் தொடங்கி, மூத்தவர்களுக்கான போட்டியில் வரிசையாக ஆண்களே பட்டம் வாங்கினார்கள். 2023-இல் ஒன்பதாவது சீசனில் அருணா வாங்கும் வரை ஒரு பெண் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ஸ்கேல் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஓட்டு இருக்கிறது, இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு காரணமா என்று நடுவர் நாற்காலியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டாமா? ஜூனியரில் அல்கா அஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று சின்னப் பெண்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழ் சினிமாப் பாட்டு என்பது உச்ச ஸ்தாயி மட்டுமா? டி.எம்.எஸ். கம்பீரமாகப் பாடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் பி.பி.ஸ்ரீநிவாஸ் காதுக்குள் பேசுவது போலப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டு குரலுக்கும் இங்கே இடம் இருந்தது. ஏ.எம்.ராஜாவின் குரலில் எங்கே முறுக்கு இருந்தது? ஜென்சியின் குரலை யார் கனமான குரல் என்று சொல்வார்கள்? 2024 ஜனவரியில் பவதாரிணியையும் மே மாதத்தில் உமா ரமணனையும் இழந்தோம். அன்றைக்கெல்லாம் இரவு முழுக்க அவர்களுடைய பாட்டைக் கேட்டு மருகினவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பவதாரிணியின் குரல் மெல்லியது, கொஞ்சம் மழலை கலந்தது. அந்தக் குரலுக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. ஸ்வர்ணலதா சோகத்தைப் பாடும்போது குரலை உயர்த்தியா பாடினார்? இவர்களில் ஒருவர் இன்றைக்குப் பெயர் தெரியாத இருபது வயதுப் பிள்ளையாக உங்கள் முன்னால் வந்து நின்று பாடினால், முதல் சுற்றைத் தாண்டுவாரா? நேர்மையாக யோசித்துப் பாருங்கள்.

சின்னப் பையன்களைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். போன ஆடிஷன் சமயத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் கூட்டிவந்தார். மகரக்கட்டு உடைந்து குரல் மாறத் தொடங்கும் வயசு. ஒரு பாட்டின் உச்ச வரியை வாரக்கணக்கில் பழகியிருக்கிறான். என் முன்னால் பாடச் சொன்னேன். கழுத்து நரம்பு புடைத்தது, தோள் இரண்டும் மேலே ஏறியது, குரல் பாதியில் காற்றாகப் போய்விட்டது. பேசும்போதே கரகரப்பு. நான் பாட்டை நிறுத்தச் சொல்லிக் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். குரல் நாணில் வீக்கம், கொஞ்ச காலத்துக்குப் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அப்பா என்னிடம் கேட்டது இன்னும் மனசை அறுக்கிறது: “மேல போனாத்தானே சார் ஜட்ஜுங்க எந்திரிக்கிறாங்க?” நான் என்ன பதில் சொல்வது? அவர் பார்த்ததைத்தானே சொன்னார்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் உங்கள் முன்னால் அப்படிக் கத்தினால், தயவுசெய்து அதைக் கொண்டாடாதீர்கள். “ஸ்கேலை ரெண்டு இறக்கிப் பாடு, தப்பில்லை” என்று மேடையிலேயே சொல்லுங்கள். ஸ்கேலை இறக்குவது அவமானம் என்று ஒரு நினைப்பு பிள்ளைகளிடம் வேரூன்றிவிட்டது. “ஒரிஜினல் ஸ்கேல்லயே பாடினான்” என்று நடுவர்களே வியந்து வியந்து வளர்த்த நினைப்பு அது. நீங்கள்தான் அதைப் பிடுங்க வேண்டும். உங்களில் பாடகர்களாக இருப்பவர்கள், வயது ஏற ஏற நீங்களே கச்சேரியில் ஸ்கேலை இறக்கிப் பாடுகிறீர்கள் என்று சொன்னால் போதும், அந்த ஒரு வாக்கியம் என் பத்து வருடப் புலம்பலுக்குச் சமம்.

மற்ற குறைகளும் உண்டு. ஏழெட்டு வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் காதல் பாட்டைப் பாட வைப்பது, வறுமையைப் பேட்டி எடுத்து அழவைப்பது, மதிப்பெண்ணைக் காட்டாமல் முடிவை அறிவிப்பது. இதெல்லாம் சேனல் முடிவு செய்வது, உங்கள் கையில் இருப்பது குறைவு என்று தெரியும். ஆனால் பாட்டு முடிந்ததும் நீங்கள் பேசுகிற அந்த இரண்டு நிமிஷம் உங்களுடையது. எடிட்டிங்கில் குறைப்பார்கள்தான். பிழையை விளக்குகிற பகுதியை வெட்டாதீர்கள் என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வையுங்கள். உங்களைப் போன்ற பெரியவர்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. இயக்குநர்களாக வந்திருப்பவர்கள் சுருதி, தாளம் பற்றிப் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாட்டு கதையில் எங்கே வருகிறது, பாடுகிற பாத்திரம் அப்போது எந்த மனநிலையில் இருக்கிறது, இந்தப் பிள்ளை அதைப் புரிந்துகொண்டு பாடியதா என்று உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? சாவு வீட்டுப் பாட்டைச் சிரித்துக்கொண்டே, ஒரு கையை ஆட்டிக்கொண்டு பாடுகிறார்கள். சங்கதியெல்லாம் சரியாக விழுந்துவிடுகிறது, ஆனால் பாட்டு விழவில்லை. அதை எடுத்துச் சொல்லுங்கள். எழுதிய கவிஞரின் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.

இந்த சீசனுக்கு என் வகுப்பிலிருந்து ஒரு பெண் ஆடிஷனுக்கு வருகிறாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்கென்று எந்தச் சலுகையும் வேண்டாம். சரணத்திலிருந்து தொடங்கு என்று எல்லோரும் அவளிடம் சொல்லிவிட்டார்கள். நான் பல்லவியிலிருந்தே பாடச் சொல்லியிருக்கிறேன். அவள் குரல் கீழே இருந்துதான் எழும், மேலே வர நேரம் எடுக்கும். அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் அந்த வரிசையில் நிற்பார்கள். உச்ச வரியிலிருந்து தொடங்குகிற பிள்ளைகளையும், “பல்லவியைப் பாடும்மா, கேட்கிறேன்” என்று சொல்லி நிறுத்தி, முதலிலிருந்து கேளுங்கள். நாலு வரி முடியும் வரை கை காட்டாதீர்கள். அதன்பிறகு தேர்வு செய்தாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி, ஏன் என்று ஒரு காரணம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார்