வடசென்னைப் பறவை நோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்: பட்டியலோடு புத்தகத்தையும் பகிர்வோம்

எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும், மாதவரம், ரெட்டேரிக் கரைகளிலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் பைனாகுலரோடு வந்து சேரும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் செய்திகளுக்குக் குறைவே இல்லை. பழவேற்காட்டில் பூநாரைகள் வந்து இறங்கிவிட்டனவா, கொசஸ்தலை ஆற்றின் சேற்றுத்திட்டு எந்த நேரத்தில் வெளியே தெரிகிறது, எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ் பொருந்தும் என்பதெல்லாம் அன்றன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால், பக்கத்தில் நின்று அதே கொக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் இப்போது என்ன நூலைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டால், நம்மில் பலருக்கும் பதில் தெரியாது. ஆகவே, நாம் எழுதி அனுப்பும் பறவைப் பட்டியலின் அடியில், அவரவர் தற்போது படித்துவரும் நூலைப் பற்றியும் நான்கைந்து வரிகள் எழுதும் வழக்கத்தைத் தொடங்கலாம் என்பதே இம்மடலின் கோரிக்கை.

அந்த வரிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘அருமையான நூல், அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டும்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அதை எந்த நூலுக்கும் எழுதிவிடலாம். எந்தப் பக்கம் உதவியது, எந்தப் பறவையை அடையாளம் காண உதவியது, இந்த நூல் யாருக்குப் பயன்படாது என்று சொல்லும் பரிந்துரையே பரிந்துரை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வலசைப் பருவத்தில் எண்ணூர்ச் சேற்றில் ஓடித் திரியும் உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகள் புதியவர்களை மிகவும் திணறடிப்பவை. கொசு உள்ளானும் டெம்மின்க் உள்ளானும் உருவத்தில் ஏறத்தாழ ஒன்றே. குளிர்காலத்தில் இரண்டுமே சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும். முன்னதற்குக் கால் கறுப்பு, பின்னதற்கு மஞ்சள் கலந்த பச்சை. ஆனால், சேறு அப்பியிருந்தால் அந்தக் கால் நிறமும் தெரியாது. ஒரு புகைப்படம் ஒரு பறவையை ஒரு வெளிச்சத்தில் மட்டுமே காட்டுகிறது. ஓவியமோ வேறுபடும் அடையாளங்களைத் தேர்ந்து, இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிறுத்திவிடுகிறது. அதனால்தான் கரைப்பறவைகளைப் பொறுத்தவரை, இந்தியத் துணைக்கண்டப் பறவைகளுக்காக கிரிமெட், இன்ஸ்கிப் குழுவினர் தொகுத்த ஓவியக் கையேட்டை நான் பரிந்துரைப்பேன். அதைச் சேற்றோரத்தில் நின்று புரட்டுவதைவிட, முதல் நாள் இரவு வீட்டில் உள்ளான்களின் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்களும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருபவர்களும் ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ நூலிலிருந்து தொடங்கலாம். சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலை நம்மில் மூத்தவர்கள் இன்னும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமும் இல்லை, துணிவும் இல்லை.

கையேடுகள் மட்டும் போதாது என்பதும் என் எண்ணம். நான் தற்போது படித்துக்கொண்டிருப்பது குறுந்தொகை. வரிசையாக அன்று, பறவை வரும் பாடல்களைத் தேடித் தேடி. 25ஆம் பாடலில் கபிலர் ஒரு குருகை, அதாவது கொக்கு வகைப் பறவையை, காட்டுகிறார். தலைவன் தலைவியை மணந்த வேளையில் அங்கே வேறு சாட்சி எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற அந்தக் குருகு மட்டுமே இருந்தது. அதன் காலை ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்கிறார். அது எந்தக் குருகு என்று உரைகாரர்கள் வாதிடட்டும். நம் வாய்க்கால் ஓரத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் மடையான் என்ற குளத்துக் கொக்கின் மங்கிய பச்சைக் காலைப் பைனாகுலரில் பார்த்தவர்களுக்கு, இந்த வரி ஒரு கள ஆய்வாளரின் குறிப்பேட்டிலிருந்து வந்ததுபோலவே தோன்றும். மீன்மேல் கண் வைத்த பறவை வேறெதையும் கவனிக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தலைவியின் சாட்சி எவ்வளவு உதவாத சாட்சி என்பது விளங்கும். இலக்கிய வகுப்பில் இப்படிப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கைப் பத்தி எழுதியவர் என்பதை நம்மில் பலர் அறிவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டுள்ளன என்பது அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அரிய பறவை ஒன்றைத் தேடி நூறு கிலோமீட்டர் போகும் நண்பர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வரும் உயிர்களைப் பற்றியே எவ்வளவு எழுத முடியும் என்பதற்கு அது சான்று. மாறாக, ஜே. ஏ. பேக்கர் பொரி வல்லூறு பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1967இல் வெளியிட்ட ‘தி பெரிகிரின்’ நூலை எடுத்த எடுப்பில் எவருக்கும் நான் தரமாட்டேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பல குளிர்காலங்களில் பார்த்தவற்றை ஒரே குளிர்காலமாகச் சுருக்கி எழுதிய அந்த நூலில் மொழி அபாரம். ஆனால், குறிப்பெடுக்கக் கற்றுக்கொள்பவர் அதைப் பின்பற்றினால் எந்தப் பறவையை எந்த நாளில் பார்த்தோம் என்பதையே தொலைத்துவிடுவார்.

நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைத் தொலைக்க நம் பகுதிக்குக் கட்டுப்படியாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறையோடு உட்கார்ந்திருந்த நாள்களில், முன்பு இங்கே என்னென்ன பறவைகள் இருந்தன என்ற கேள்வி எழுந்தபோது, பழைய பட்டியல்களே பதிலாக இருந்தன. அந்த எண்ணெய்க் கசிவு குறித்துப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணைகளையும் நாம் படிக்க வேண்டிய நூல்களின் வரிசையில் சேர்க்கச் சொல்கிறேன். படிக்கச் சுவையாக இராது என்பது உண்மைதான். நம்மில் சட்டம் தெரிந்தவர்கள் முக்கியமான பத்திகளை மட்டும் குறித்துத் தமிழில் சுருக்கித் தந்தால் மற்றவர்கள் கடன்பட்டவர்களாவோம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். நந்தனத்தில் புத்தகக் காட்சி நடைபெறுவதும், பொங்கல் நாள்களில் நாம் பறவைக் கணக்கெடுப்புக்குப் போவதும் ஏறத்தாழ ஒரே சமயம். ஆகவே, பரிந்துரைகள் டிசம்பர் கடைசிக்குள் வந்துவிட்டால் வாங்குபவர்களுக்கு வசதி. விம்கோ நகரிலிருந்து ஒரே மெட்ரோ ரயிலில் நந்தனம் போய்விடலாம் என்பதால் தொலைவைக் காரணம் காட்டவும் இனி வழியில்லை. அச்சில் இல்லாத நூல்களுக்கு சென்ட்ரல் அருகிலுள்ள அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே எதையாவது கண்டால் விலை பேசும் முன் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஒரே நூலை இருவர் வாங்க வேண்டாம். வாங்க இயலாதவர்களுக்காக இரவல் குறிப்பேடு ஒன்றையும் வைத்துக்கொள்வோம்: நூலின் பெயர், கொடுத்தவர், எடுத்தவர், திருப்பித் தரும் தேதி. கடைசிக் கட்டத்தை எவரும் காலியாக விடக் கூடாது.

முதல் குறிப்பாக, குறுந்தொகையில் பறவைகள் வரும் பாடல்களின் எண்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலோடு அனுப்புகிறேன். கிருஷ்ணனின் கட்டுரைத் தொகுப்பு என்னிடம் ஒரே பிரதிதான் உள்ளது; அது இப்போது திருவொற்றியூர் நண்பர் ஒருவரிடம் இருப்பதால், வேண்டுவோர் அவரிடமே கேட்டு வரிசையில் நிற்கலாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து உங்களில் ஒருவர்