ஏ.ஆர்.டி. மைய மருத்துவர்களுக்கு: எங்களை எடை மெஷினில் ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். பதினைந்து வருடத்துக்கும் மேலாக உங்கள் வரிசையில் நின்று எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறவன் எழுதுகிறேன். 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியிராவிட்டால் எங்களில் பலர் இன்று இல்லை. அந்த நன்றியோடுதான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஸ்டாவுடின் மாத்திரை கன்னத்தை ஒட்ட வைக்கும், ஊருக்கே தெரியும். இப்போதைய டெனோஃபோவிர் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. சிலருக்கு அது சிறுநீரகத்தைத் தொடும்போது வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

எங்கள் குழுவில் ஓர் அக்கா. வயது 52. போன முறை அவருடைய கிரியேட்டினின், அதாவது தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் 1.1. லேப் தாளில் அச்சிட்டிருந்த அளவு 0.6 முதல் 1.2 வரை. "நார்மல்தான்மா, அப்படியே போடுங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் படித்த அதே காக்ராஃப்ட்-கால்ட் கணக்கை என் போனில் போட்டேன். வயது, எடை, கிரியேட்டினினை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று (கிளியரன்ஸ்) சொல்லும் கணக்கு. அக்காவின் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதியிருந்த எடை 54 கிலோ. விடை 51 வந்தது. டெனோஃபோவிருக்கு 50 எல்லை, அதற்குக் கீழே போகக்கூடாது என்பதால் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் அக்காவைப் பார்த்தால் 54 கிலோ மாதிரி இல்லை. மளிகைக் கடைத் தராசில் ஏற்றினோம். 41. மறுபடி கணக்குப் போட்டால் 39.

அதே 1.1, முப்பது வயது, 70 கிலோ ஆணுக்கு 97. தசை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் உண்டாகும், அதனால் தாளில் நல்ல எண்ணாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாததா? பழைய எடையையே ஒவ்வொரு வருகைக்கும் பார்த்து எழுதினால் தெரிந்தும் பயனில்லை.

கூடவே போடும் டோலுடெக்ராவிர் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமலே கிரியேட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பதும் உண்மைதான். அதனால்தான் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறோம். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் அந்த டெஸ்டுக்குப் பெரிய செலவும் இல்லை.

மறுநாளே போனோம். ஓர் இளம் டாக்டர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, "கவனிக்கத் தவறிட்டோம்" என்று நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்கு நன்றி. அவர் கேட்ட பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்: எலும்பு வலிக்காக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார், மாதக்கணக்கில். என்ன வியாதி, வேறென்ன மாத்திரை என்று கடைக்காரர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் சீட்டே இல்லாமல். டெனோஃபோவிரால் சிறுநீரில் பாஸ்பரஸ் வீணாகப் போனாலும் எலும்பு வலிக்கும் என்றார் டாக்டர். வலிக்குக் காரணமே டெனோஃபோவிராக இருக்கலாம். வலிக்குப் போட்டதோ சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

சரி, மருந்தை மாற்றலாம் என்றால் ஈரல் குறுக்கே வந்தது. அக்காவுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸும் உண்டு. எச்.ஐ.வி.க்குப் போடும் டெனோஃபோவிர்தான் அதையும் அடக்கி வைத்திருக்கிறது. அதை நிறுத்தி அபாகாவிர் கொடுத்தால் எச்.ஐ.வி. அடங்கும், ஹெபடைடிஸ் பி கிளம்பிவிடும். கூடப் போடும் லாமிவுடின் மட்டும் அதை அடக்கி வைக்காது. அப்போது என்டெகாவிரோ, சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடாத டெனோஃபோவிர் அலஃபினமைடோ வேண்டும். இவ்வளவுக்கும் ஆதாரமான அந்த பி ரிசல்ட் புத்தகத்தில் இல்லை, ஏதோ பழைய ஃபைலில் கிடந்தது. ஆள் மாறினால், ஊர் மாறினால் அதை யார் தேடுவார்?

ஆகவே எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அன்றைக்கு எடுத்த எடை, கணக்குப் போட்ட கிளியரன்ஸ், சிறுநீர்ப் புரதம், ஹெபடைடிஸ் பி, சி முடிவுகள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற வைரல் லோடை எங்களிடம் சொல்வது போல இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடையில் என்ன வாங்கிப் போடுகிறோம், என்ன லேகியம் சாப்பிடுகிறோம் என்று திட்டாமல் கேளுங்கள். திட்டினால் மறைப்போம், அது எங்களுக்குப் பழகிப்போன வேலை.

அக்காவுக்கு அடுத்த தேதி வியாழக்கிழமை. நானும் கூட வருகிறேன். போன தடவை எடை மெஷின் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஃபைல் கட்டுகளுக்கு அடியில் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒருவன்