சரியான பிறகு வருகிறேன் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்

மக்கா,

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று அழ ஆரம்பித்துவிடுவாள், நீயும் 'சரிப்பா, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

பாஸ்காவுக்கு, அதான் ஈஸ்டருக்கு, ஊருக்கு வா என்றதற்கு, முதலில் குடியை முழுசாக விட்டு, கடனை அடைத்து, ஒரு வேலையில் நின்ற பிறகு கோயிலுக்கு வருகிறேன், இப்போது எந்த முகத்தோடு பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவது என்று கேட்டாய். ரோஷமுள்ளவன் பேசுகிற பேச்சுதான், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ சொல்கிற வரிசை தலைகீழ்.

நம்ம இராயப்பரை, இயேசுவின் சீடர் பேதுருவை, எடுத்துக்கொள். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னவர், அதுவும் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து. அப்புறம் என்ன செய்தார்? பழையபடி தொழிலுக்குப் போனார், கூட ஆறு பேர். ராத்திரி முழுக்க மீன்பாடு இல்லை. விடியற்காலம் கரையில் நின்ற ஒருவர் வலதுபக்கம் வலையைப் போடச் சொல்கிறார், போட்டால் வலையை இழுக்க முடியவில்லை. அது ஆண்டவர் என்று தெரிந்ததும் இராயப்பர் மேலாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் சாடுகிறார். தண்ணீரில் சாடுகிறதற்கு எவனாவது துணியை எடுத்து உடுப்பானா? குளச்சலில் எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சிரிப்பான். அவருக்கு இருந்த வெட்கம் அப்படி, இந்தக் கோலத்தில் எப்படி முன்னால் போய் நிற்பது என்று. நீ கேட்ட அதே கேள்விதான்.

அவர் கரைக்கு வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூட அப்பம். இவர்கள் பிடித்த 153 மீனும் இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது மக்கா, அதற்குள்ளே சாப்பாடு தயாராக இருக்கிறது. நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று அதன் பிறகுதான் கேட்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்த மூன்று கேள்வி. ஏண்டா என்னை மறுதலித்தாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. என்மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றதும் தம்முடைய ஆடுகளையே ஒப்படைத்துவிட்டார். ஓடிப்போனவனை நம்பி! நானாக இருந்தால் ஒரு வருஷமாவது பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பேன்.

வரி வசூலித்த சக்கேயு கதையும் அப்படித்தான். அநியாயமாக வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தவன் அவன், ஆனால் கொடுத்த பிறகா இயேசு அவன் வீட்டுக்குப் போனார்? இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டார், கணக்குத் தீர்க்கிற பேச்சு பிறகுதான் வந்தது.

நம்ம கடற்கரையிலேயே வெற்றித் தூண் நிற்கிறதே, சின்ன வயதில் அதைச் சுற்றி ஓடி விளையாடுவாய். 1741ல் நடந்த அந்தக் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவன் டச்சுப் படையின் டிலனாய். ஜெயித்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவனையே பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், கடைசியில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவன், ஆனான், தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள்தான் அவன் கல்லறை. அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டப் பிள்ளை மனம் ஒடிந்து கிடந்தபோது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது இந்தத் தோற்ற ஆள்தான் என்பார்கள். அந்தப் பிள்ளைதான் 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார், ஏழு வருஷம் கழித்து காற்றாடிமலையில் சுடப்பட்டுச் செத்தார், 2022ல் புனிதர் ஆனார். ஜெயித்த படையில் ஒருவன் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அவர் காதில் ஏறியிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது உன் விஷயம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் நன்மை வாங்கக் கூடாது என்று நீ நினைப்பது சரிதான், அதில் உன்னோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு வருத்தம், வேண்டும், இனிச் செய்யக்கூடாது என்ற தீர்மானம் வேண்டும். திருந்தி முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று எங்கேயும் இல்லை. சாமியார் மன்னிப்புக் கொடுத்து அனுப்பிய பிறகுதானே நீ முழந்தாளிட்டு அந்தப் பரிகாரச் செபத்தையே சொல்கிறாய்.

பாஸ்கா ராத்திரியில் எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்போம், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்பார், விட்டுவிடுகிறோம் என்போம். போன வருஷமும் இதைத்தான் சொன்னோம். சொன்னபடி இருந்தோம் என்றா நினைக்கிறாய்? வட்டிக்கு விடுகிறவனும் சொல்கிறான், அண்ணன் தம்பியோடு பேசாதவனும் சொல்கிறான். இருக்க மாட்டோம் என்று தெரிந்துதான் திருச்சபை வருஷா வருஷம் கேட்கிறது. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?

கோயிலுக்கு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே, குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்குப் போவதையும் விடாதே. கடன் கடன்தான், மாதா மாதம் கட்டித்தான் ஆகவேண்டும். மருமகள் இப்போதைக்குத் திரும்பி வரமாட்டாள், வா என்று நீயும் நெருக்காதே. ஆண்டவர் மன்னித்துவிட்டார், நீயும் மன்னி என்று அவளிடம் போய் நிற்பது அவளை இன்னொரு தடவை அடிக்கிற மாதிரி. அவளுக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவள் எடுக்கட்டும். பிள்ளையின் ஸ்கூல் பீஸை மட்டும் தவறாமல் அனுப்பு.

நம்ம பங்குச் சாமியாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போவோம், அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் இருக்கிறதா என்று இன்றைக்கே பார், பாஸ்கா நெருங்கினால் கிடைக்காது. இரணியலில் இறங்கு, வண்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். கையில் பணம் இல்லையென்றால் கூச்சப்படாமல் சொல், அனுப்புகிறேன்.

அப்பா